தரவுக்குப் பூட்டு, வீட்டுக்கு மரியாதை: வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் செய்விப்பவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு கல்லடியில் 14 பேருடன் ஒரு சிறிய கணக்கு வேலை நிலையம் நடத்துகிறேன். இங்கிலாந்தில் உள்ள சிறு கடைகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள் போன்றவற்றின் சம்பளப் பட்டியலையும் கணக்குப் புத்தகத்தையும் எங்கள் பிள்ளைகள்தான் பார்க்கிறார்கள். அங்கே காலை விடியும்போது எங்களுக்கு மத்தியானம் தாண்டிவிடும். வேலை முடிய இரவு பத்து மணியாகும். அந்த நேரத்தில் களுவாஞ்சிகுடிக்கோ ஏறாவூருக்கோ ஒரு பெண் பிள்ளை தனியாகத் திரும்பிப் போவது லேசான காரியமில்லை. அதனால் பெரும்பாலானோர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். வீட்டு வேலை என்று ஒன்று இல்லாவிட்டால் அவர்களில் பாதிப் பேருக்கு இந்த வேலையே இருந்திருக்காது.

2021இல் ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக எல்லாருடைய மடிக்கணினியிலும் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டேன். 10 நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடித்து அனுப்பும். ஒரு பின்னேரம் காத்தான்குடியிலிருந்து வேலை செய்யும் ஒரு தங்கச்சியின் திரையைப் பிடித்த படம் என் முன் வந்தது. திரையின் இடது பாதியில் சம்பளப் பட்டியல். வலது பாதியில் வட்ஸ்அப் திறந்திருந்தது. அதில் ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைச் சுற்றி யாரோ நீலப் பேனையால் வட்டம் போட்டிருந்தார்கள். மேலே நோயாளியின் பெயர், வயது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வேலை நேரத்தில் ஏன் வட்ஸ்அப் என்று கேட்கத்தான் போன் எடுத்தேன்.

“சேர், அது உம்மாட ரிப்போர்ட். தம்பிக்குக்கூட இன்னும் சொல்லல்ல,” என்றாள்.

போனை வைத்துவிட்டு அந்தப் படத்தைத் திரும்பவும் பார்த்தேன். அந்தத் தாயின் நோய் சொந்த மகனுக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஒரு தவறு. இடது பாதியில் பிரித்தானியத் தொழிலாளர்களின் பெயர், வங்கிக் கணக்கு இலக்கம், சம்பளம். அதுவும் படமாகி, எந்த நாட்டில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாத ஒரு சேர்வரில் கிடந்தது. அது இன்னொரு தவறு. பாதுகாப்புக்காக என்று சொல்லிப் போட்ட மென்பொருள், காக்க வேண்டிய தரவைத்தான் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாளே அதைக் கழற்றினேன். அதற்குப் பதிலாக என்ன செய்தோம் என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். கல்முனையில் ஐந்து பேரை வைத்து வேலை செய்விப்பவருக்கும் பொருந்தும், அக்கரைப்பற்றில் வீட்டு மேசையில் இருந்து வேலை செய்யும் பிள்ளைக்கும் பொருந்தும்.

படி 1: என்ன தரவு, எங்கே கிடக்கிறது

மென்பொருள் வாங்குமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். ஐந்து நிரல் போடுங்கள்: என்ன தரவு, யாருடையது, எங்கே இருக்கிறது, யார் கைபடுகிறது, வெளியே போனால் யாருக்கு என்ன நட்டம்.

ஒரு நாள் முழுக்க இருந்து இதை எழுதியபோது எங்களுக்கே பயம் வந்தது. ஒரே சம்பளப் பட்டியல் ஐந்து இடத்தில் கிடந்தது: கிளவுட் கோப்புறையில், மின்னஞ்சல் இணைப்பில், இரண்டு மடிக்கணினிகளின் டவுன்லோட்ஸில், ஒரு வட்ஸ்அப் குழுவில். மேசை லாச்சியில் இருந்த ஒரு பென் டிரைவிலும் பழைய பிரதி இருந்தது, அதை யார் எடுத்துவந்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

இதே கொப்பியில் பலர் எழுத மறக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அது உங்கள் ஊழியர்களின் தரவு. அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கணக்கு, மருத்துவச் சான்றிதழ், பிரசவ விடுமுறைக் கடிதம், கண்காணிப்பு மென்பொருள் வைத்திருந்தால் அதன் படங்கள். இவையும் தரவுதான். வாடிக்கையாளரின் தரவுக்குக் கொடுக்கும் அதே மரியாதையை இவற்றுக்கும் கொடுக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் தேவையில்லாததை அழியுங்கள். இல்லாத தரவை யாரும் திருட முடியாது. எங்கள் வேலையில் பாதி அந்த வாரமே முடிந்துவிட்டது.

படி 2: இங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

இணையத்தில் கிடைக்கும் அபாயப் பட்டியல்கள் பெரிய நிறுவனங்களுக்காக எழுதப்பட்டவை. நம் ஊரில் நடப்பதை நாம்தான் எழுத வேண்டும். பஸ்ஸில் போன் தொலைகிறது. வாடிக்கையாளர் அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல் வருகிறது, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்கு அனுப்புங்கள்” என்று. கம்பியூட்டர் பாடத்துக்காக மகன் அம்மாவின் அலுவலக மடிக்கணினியில் பென் டிரைவைச் செருகுகிறான். பிரின்டர் இல்லாத பிள்ளை சந்தியில் உள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போய், அங்குள்ள கணினியில் தன் மின்னஞ்சலைத் திறந்து, ஒரு தாளை அச்செடுத்துவிட்டு வெளியேற மறந்து வருகிறாள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு ஆறு மாதமாக அப்படியே திறந்து கிடக்கிறது. மார்கழி மழையில் வளவுக்குள் வெள்ளம் ஏறுகிறது, சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கோ உறவினர் வீட்டுக்கோ போகிறது. அந்தப் பையில் மடிக்கணினியும் போகிறது.

இப்போது ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதுங்கள். திரையைப் படம் பிடித்தால் இது நின்றிருக்குமா? மவுஸ் எத்தனை தடவை அசைந்தது என்று எண்ணினால் நின்றிருக்குமா? எங்கள் பட்டியலில் ஒன்றுக்குக்கூட ஆம் என்று எழுத முடியவில்லை. ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பது மேலாளரின் மனப்பயத்துக்கு மருந்து, தரவுக்கு அல்ல என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

படி 3: பூட்டைத் தரவின் மேல் போடுங்கள்

இந்தப் படிதான் முக்கியமானது. இதைச் சரியாகச் செய்தால் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய தேவை தானாகக் குறையும்.

முதலில், ஆளுக்கு ஒரு கணக்கு. ஒரே பெயரையும் கடவுச்சொல்லையும் நாலு பேர் பாவிப்பது நம் சிறு நிறுவனங்களில் சர்வசாதாரணம், உரிமக் காசை மிச்சம் பிடிக்கத்தான். ஆனால் ஒரு பிழை நடந்தால் யார் செய்தது என்று தெரியாது. தெரியாதபோது எல்லார் மேலும் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் எல்லாரையும் கண்காணிக்கத் தோன்றும். கூடுதல் உரிமத்துக்குக் கொடுக்கும் காசு, ஊழியர்களின் நிம்மதிக்குக் கொடுக்கும் காசும்தான்.

அடுத்தது, இரண்டு கட்டச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்று கேட்பது. எஸ்எம்எஸ்ஸில் வரும் இலக்கத்தை நம்பியிருக்காதீர்கள். சிக்னல் இல்லாத இடங்களில் அது வந்து சேராது, சிம் அட்டையை ஏமாற்றிக் கைமாற்றவும் முடியும். ஒதென்டிகேட்டர் செயலி இணையம் இல்லாமலே இலக்கம் தரும். அதைவிட நல்லது பாஸ்கீ, கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ சேமித்து வைக்கும் மின்னணுச் சாவி. போலி இணையதளத்தில் அது வேலை செய்யாது, ஆகவே ஏமாந்துபோய்த் தட்டச்சு செய்து கொடுக்க எதுவுமே இருக்காது.

கடவுச்சொல்லை 30 நாளுக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லிக் கரைச்சல் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லிப் பல வருடமாகிறது. மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசி இலக்கத்தைத்தான் மாற்றுவார்கள். நீளமான ஒன்று, ஒவ்வொரு இடத்துக்கும் வேறு, அதைச் சேமிக்க ஒரு கடவுச்சொல் மேலாளர் செயலி. கசிந்தது என்று தெரிந்தால் மட்டும் உடனே மாற்ற வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யுங்கள், அதாவது சாவி இல்லாமல் யாரும் வாசிக்க முடியாதபடி மாற்றி வையுங்கள். விண்டோஸ் புரோவில் பிட்லொக்கர், மெக்கில் ஃபைல்வோல்ட், இரண்டும் கணினியோடே வருகின்றன, தனியாகக் காசு இல்லை. வெள்ளத்தில் இடம்பெயர்ந்த நேரம் மடிக்கணினி தொலைந்தாலும் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. ஆனால் மீட்புச் சாவியை அதே மடிக்கணினியில் வைத்துவிடாதீர்கள், எங்களில் ஒருவர் அப்படித்தான் வைத்திருந்தார். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்துவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதில் ஓடும் பழைய கணினிகளில் வாடிக்கையாளர் தரவை வைத்திருப்பது கதவில்லாத வீட்டில் நகை வைப்பது போல.

மற்றது, ஒவ்வொருவருக்கும் வேலைக்குத் தேவையான கோப்புறை மட்டும். மூன்று வாடிக்கையாளர்களைப் பார்ப்பவருக்கு முப்பது வாடிக்கையாளர்களின் கதவு திறந்திருக்கத் தேவையில்லை. இது அவரை நம்பாததால் அல்ல. அவருடைய கணக்கை யாராவது திருடினால் நட்டம் மூன்றோடு நிற்கும், பழியும் அவர் தலையில் முழுசாக விழாது. இதை ஊழியர்களிடம் இப்படியே விளக்கிச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்கள்.

வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி வரும் மின்னஞ்சலுக்கு மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு வழக்கம் போதும். பழைய பதிவில் உள்ள இலக்கத்துக்குப் போன் எடுத்து, ஆளின் குரலைக் கேட்டு உறுதிசெய்யாமல் எந்தக் கணக்கு இலக்கமும் மாறாது. மின்னஞ்சலில் உள்ள இலக்கத்துக்கு எடுக்கக் கூடாது.

படி 4: கருவி யாருடையது

முடிந்தால் மடிக்கணினியை நிறுவனமே கொடுக்க வேண்டும். அதில் வேலை மட்டும், சொந்த விஷயம் எதுவும் வேண்டாம் என்று சொல்ல அப்போதுதான் உரிமை வரும். ஊழியரின் சொந்தக் கணினியை வேலைக்கு வாங்கிக்கொண்டு, அதில் நம் கண்காணிப்பையும் போடுவது அடுத்தவர் வீட்டில் குடியிருந்துகொண்டு அவர் அலுமாரியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம்.

காசு காணாது, சொந்தக் கணினிதான் என்றால், விண்டோஸில் வேலைக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று திறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. தரவைக் கணினியில் இறக்காமல் பிரவுசருக்குள்ளேயே, அல்லது தொலைமேசை (அலுவலகக் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் வசதி) வழியாகவே வேலை நடக்கட்டும்.

போன் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அது எப்போதுமே ஊழியருடைய சொந்தப் போன். அன்ட்ரொய்டில் வேர்க் புரொஃபைல் என்ற வசதி உண்டு. ஒரே போனுக்குள் அலுவலகத்துக்கு ஒரு தனி அறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அலுவலகச் செயலிகளில் சிறிய பெட்டி அடையாளம் இருக்கும். நிறுவனம் அந்த அறையைத்தான் ஆளும். மற்றப் பக்கத்தில் உள்ள புகைப்படம், குறுஞ்செய்தி, அழைப்பு விபரம் எதையும் அதனால் பார்க்க முடியாது. ஆள் வேலையை விட்டால் அந்த அறையை மட்டும் அழிக்கலாம். இதைச் செய்யாமல் முழுப் போனையும் அழிக்கும் அதிகாரத்தை வாங்கி வைத்திருக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஒரு பொத்தானில் பிள்ளையின் பிறந்தநாள் படம், காலமான அப்பாவின் கடைசிக் குரல்பதிவு எல்லாம் போய்விடும். அந்த அதிகாரம் கையில் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

விபிஎன், அதாவது இணையப் போக்குவரத்தை அலுவலகம் வழியாகக் கொண்டுபோகும் பாதுகாப்பான பாதை, வைத்திருந்தால், அலுவலகச் சேவைகளுக்குப் போகும் போக்குவரத்து மட்டும் அதன் வழியே போகும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் ஊழியர் இடைவேளையில் தன் வங்கிப் பக்கத்தைத் திறந்ததும் அலுவலகப் பதிவேட்டில் ஏறும்.

படி 5: வீடு ஒரு அலுவலகம் அல்ல

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வீடு எப்படிப்பட்டது என்று கொழும்பிலோ லண்டனிலோ இருப்பவருக்கு விளங்காது. இங்கே வீடு பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. அக்கா வீடு, தங்கச்சி வீடு, தாய் வீடு என்று ஒரே வளவுக்குள் இரண்டு மூன்று வீடு இருக்கும். கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும், மச்சாள் சீனி வாங்க வருவாள், பிள்ளைகள் குறுக்கே ஓடும். முஸ்லிம் வீடுகளில் பெண்கள் வீட்டுக்குள் தலைமூடாமல் இருப்பார்கள், பின்னேரம் தொழுகைக்கு நிற்பார்கள். அந்த அறையில் கமராவை ஒன்பது மணி நேரம் திறந்து வைக்கச் சொன்னால், கமரா பார்ப்பது ஊழியரை மட்டுமல்ல. சம்பளம் வாங்காத, சம்மதமும் சொல்லாத நாலைந்து பேரையும் சேர்த்துத்தான்.

நெதர்லாந்தில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்தவர், நாள் முழுக்க வெப்கமராவைத் திறந்து வைக்க மறுத்தார். வேலையிலிருந்து நீக்கினார்கள். 2022இல் நீதிமன்றம் அது தனிப்பட்ட வாழ்க்கையை மதிக்கும் உரிமைக்கு எதிரானது என்று சொல்லி, ஏறத்தாழ 75,000 யூரோ கொடுக்கச் சொன்னது.

எங்கள் விதி சுருக்கமானது. கமரா மூடியே இருக்கும். வாடிக்கையாளருடன் கூட்டம் என்றால், அதுவும் முதல் நாளே சொல்லியிருந்தால் மட்டும் திறப்பது, பின்னணியை மங்கலாக்கி.

அதற்குப் பதிலாக ஊழியரிடம் நாங்கள் கேட்பது சில விஷயங்கள். திரை வாசலைப் பார்க்காமல் சுவரோடு இருக்கட்டும். சம்பள விபரம் பேசும்போது ஹெட்செட் போடுங்கள். தேத்தண்ணி குடிக்க எழும்பினாலும் விண்டோஸ் சாவியையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். அச்செடுக்க வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், கொமியூனிகேஷன் கடைக்குப் போக வேண்டாம். தனி அறை வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும் குடும்பத்திடம் அதைக் கேட்பது, உனக்கு இந்த வேலை கிடையாது என்று சொல்வதாகிவிடும்.

மழைக்காலத்துக்கு ஒரு நீர்புகாத பை கொடுக்கிறோம், மடிக்கணினியை வைக்க. பெரிய செலவில்லை.

படி 6: எதைப் பதிவுசெய்யலாம், எதைத் தொடக் கூடாது

கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மற்றவர்களின் வங்கி விபரத்தை வைத்திருப்பவர் பதிவு எதுவும் இல்லாமல் இருப்பதும் பொறுப்பில்லாத்தனம். ஆனால் பதிவு தரவைச் சுற்றி இருக்க வேண்டும். யார் எப்போது எந்த நாட்டிலிருந்து உள்ளே வந்தார், எந்தக் கோப்பு வெளியே பகிரப்பட்டது, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இறக்கப்பட்டனவா, யார் யாருக்கு அனுமதி கொடுத்தார் என்பவை போதும். கூகிள், மைக்ரோசொஃப்ட் போன்றவற்றின் அலுவலகச் சேவைகளில் இவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே பதிவாகிறது, திட்டத்துக்குத் திட்டம் அளவு மாறும். புதிதாக எதையும் வாங்குமுன் அதைத் திறந்து பாருங்கள்.

தொடக் கூடாதவை: தட்டும் எழுத்துகளைப் பதிவுசெய்யும் மென்பொருள், வெப்கமரா, மைக், இடையிடையே திரையைப் பிடிக்கும் படம், சொந்தப் போனின் இருப்பிடம். எழுத்துப் பதிவு மென்பொருள் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது ஊழியர் தட்டும் கடவுச்சொற்களையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. அந்தப் பதிவு ஒரே தடவை கசிந்தால் உங்கள் பூட்டு எல்லாம் திறந்த மாதிரி.

மவுஸ் அசையாத நேரத்தை ‘சும்மா இருந்த நேரம்’ என்று கணக்கிடும் மென்பொருட்களும் இருக்கின்றன. பிரான்ஸில் ஒரு வீடு விற்கும் நிறுவனம் இதைத்தான் செய்தது. 3 முதல் 15 நிமிடம் வரை கீபோர்டும் மவுஸும் அசையாவிட்டால் அதைச் சும்மா இருந்ததாகக் கணக்கிட்டு, திரையையும் படம் பிடித்தது. அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சினில் 2024 டிசம்பரில் 40,000 யூரோ அபராதம் போட்டது. போன் பேசுவதும், தாளில் கணக்குச் சரிபார்ப்பதும், யோசிப்பதும் வேலைதான் என்பதை அந்த மென்பொருள் அறியாது. இங்கே இன்னொன்றும் இருக்கிறது. 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. கரண்ட் இல்லாமல் இருட்டில் வியர்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்குச் ‘சும்மா இருந்தாள்’ என்று மதிப்பெண் போடும் கருவியை எப்படி நம்புவது? ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கிக் கொடுத்தோம், வேலை நடந்தது.

வேலை நடக்கிறதா என்று அறிய வேண்டுமென்றால் வேலையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டிய சம்பளப் பட்டியல் முடிந்ததா, அதில் எத்தனை திருத்தம் வந்தது. அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

பதிவை யார் பார்ப்பது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்களிடம் இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்கலாம்: நானும், ஊழியர்களே தெரிவுசெய்த ஒருவரும். காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டுத் திறப்போம். 90 நாளில் பதிவு தானாக அழியும்.

படி 7: சட்டம் என்ன சொல்கிறது

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2022 மார்ச்சில் சான்றுரைப்படுத்தப்பட்டது. நடைமுறைக்கு வரும் திகதிகள் கட்டம் கட்டமாகத் தள்ளிப்போயிருக்கின்றன, அதை ஒரு சாட்டாக எடுக்காதீர்கள். சட்டத்தின் அடிப்படை எளிமையானது: குறிப்பிட்ட நோக்கத்துக்காக மட்டும் சேகரி, தேவைக்கு மேல் எடுக்காதே, தேவை முடிந்ததும் வைத்திருக்காதே, யாருடைய தரவோ அவருக்கு வெளிப்படையாகச் சொல். உடல்நலத் தரவும் விரல் அடையாளம் போன்ற உயிரளவுத் தரவும் விசேட வகை. அந்த இரத்தப் பரிசோதனை அறிக்கை அப்படிப்பட்டதுதான்.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் நினைவில் இருக்கட்டும். அனுமதி இல்லாமல் ஒருவரின் கணினிக்குள் அல்லது கணக்குக்குள் போவது குற்றம். ஊழியரின் சொந்தக் கணினிக்குள் சொல்லாமல் உளவு மென்பொருளை இறக்கும் முதலாளி இதை ஒரு தடவை வாசிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் ஐரோப்பாவிலோ இங்கிலாந்திலோ இருந்தால் அவர்களின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிகள் ஒப்பந்தத்தின் வழியாக உங்கள் மேசைக்கு வரும். தரவை வேறொரு நிறுவனத்தின் சேர்வரில் வைக்குமுன் வாடிக்கையாளரின் அனுமதி வேண்டும் என்பது அதில் உண்டு. நான் போட்ட கண்காணிப்பு மென்பொருள் அந்த நிபந்தனையைத்தான் மீறியிருந்தது. கண்காணிக்கச் சொன்ன வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னேன். அவரே உடனே நிறுத்தச் சொன்னார்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியாயிற்று என்று ஆறுதல் படாதீர்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளும் முதலாளி – ஊழியர் உறவில் சம்மதத்தை நம்ப வேண்டாம் என்றே சொல்கின்றன.

படி 8: தமிழில், ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

ஆங்கிலத்தில் 20 பக்கக் கொள்கையை அனுப்பிவிட்டு, கீழே கையெழுத்துப் போடு என்று சொல்வதில் பயனில்லை. எங்கள் பக்கத்தின் ஒரு பகுதியைத் தருகிறேன், அப்படியே எடுத்து மாற்றிக்கொள்ளலாம்:

“நிறுவனக் கணக்குகளில் நீங்கள் உள்நுழையும் நேரமும் இடமும், கோப்புகளைத் திறப்பதும் பகிர்வதும் பதிவாகும். வாடிக்கையாளரின் தரவைக் காப்பதற்கு மட்டுமே இது. உங்கள் திரை, கமரா, மைக், தட்டும் எழுத்து, சொந்தப் போன் எதையும் நாங்கள் பதிவுசெய்ய மாட்டோம். பதிவு 90 நாள் இருக்கும். இருவர் சேர்ந்தே திறப்பார்கள், திறந்தால் உங்களுக்குச் சொல்வோம். உங்களைப் பற்றி எங்களிடம் உள்ளதை எப்போதும் கேட்டுப் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம்.”

கையெழுத்துக்கு முன் எல்லாரையும் கூப்பிட்டு வாய்விட்டு வாசித்தோம். ஆரையம்பதிப் பிள்ளை ஒருத்தி, “திறந்தால் சொல்வோம் என்றால், திறந்து எத்தனை நாளில், மறுகாவா?” என்று கேட்டாள். எழுதும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. ‘மூன்று நாளுக்குள்’ என்று அந்த இடத்திலேயே சேர்த்தோம்.

படி 9: பிழை நடந்த நாள்

யாராவது ஒரு நாள் தவறான இணைப்பை அழுத்தத்தான் போகிறார்கள். அன்றைக்கு அவர் உங்களுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்கிறாரா, ஐந்து நாள் மறைக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏசினால் அடுத்தவர் மறைப்பார். ஜிடிபிஆர் விதிப்படி, தரவு கசிந்ததை அறிந்த நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் வாடிக்கையாளர் தன் நாட்டு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டியிருக்கும். நாம் தாமதிக்காமல் அவருக்குச் சொல்ல வேண்டும்.

வரிசை இதுதான்: இணையத்தைத் துண்டியுங்கள், கணினியை அணைக்க வேண்டாம். எனக்குப் போன் எடுங்கள், எந்த நேரமானாலும். நான் கணக்கைப் பூட்டி, எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றுவேன். அப்புறம் பதிவைத் திறந்து என்ன போனது என்று இருவரும் பார்ப்போம். வழிகாட்டல் வேண்டுமென்றால் 2006இல் தொடங்கிய இலங்கை சேர்ட் (கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களுக்கு உதவும் தேசிய அமைப்பு) இருக்கிறது, முறைப்பாட்டை அங்கே கொடுக்கலாம். ஊழியரின் மடிக்கணினியைப் பார்க்க வேண்டி வந்தால் அவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஊழியராக இருப்பவருக்கு

முதலாளி இதெல்லாம் செய்யாவிட்டால் நீங்கள் கேளுங்கள். எழுத்தில், மரியாதையாக: இந்தக் கணினியில் என்ன கண்காணிப்பு இருக்கிறது, எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கிறார்கள், எப்போது அழியும்? நாலு கேள்விதான்.

அலுவலக மடிக்கணினியில் வட்ஸ்அப் வெப், சொந்த மின்னஞ்சல், வங்கி எதையும் திறக்க வேண்டாம், அவற்றுக்குப் போன் போதும். நிறுவனம் நல்லதாக இருந்தாலும் இந்தப் பழக்கம் நல்லது. வெப்கமராவுக்கு மேல் ஒரு சிறிய மூடி ஒட்டுங்கள். மவுஸைத் தானாக அசைக்கும் கருவி வாங்கப் போகாதீர்கள். 2024இல் அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கி, கீபோர்ட் வேலை செய்வது போலப் பாவனை காட்டியதாகச் சொல்லிப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையிலிருந்து நிறுத்தியது. பிழை கண்காணிப்பில் இருந்தால் அதை வாய் திறந்து சொல்லுங்கள், தனியாக முடியாவிட்டால் நாலு பேராகச் சேர்ந்து சொல்லுங்கள்.

படி 10: போகும் நாள்

வேலையை விட்டுப் போகும் அன்று பின்னேரமே கணக்குகளை மூடுங்கள், அடுத்த மாதம் என்று வைக்காதீர்கள். மடிக்கணினியைத் திருப்பி வாங்கும்போது அவர் முன்னிலையிலேயே அவருடைய சொந்தக் கோப்பு ஏதும் இருந்தால் எடுக்க விட்டு, அப்புறம் அழியுங்கள். போனில் வேர்க் புரொஃபைலை மட்டும் நீக்குங்கள், நீங்கியதை அவரிடம் காட்டுங்கள். வட்ஸ்அப் குழுக்களையும் மறக்க வேண்டாம். சட்டத்துக்கும் சேமலாப நிதிக்கும் தேவையான ஆவணம் தவிர, அவரைப் பற்றி உங்களிடம் இருப்பதை அழித்துவிட்டு, அழித்ததை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

காத்தான்குடித் தங்கச்சி இன்னும் எங்களோடுதான் வேலை செய்கிறாள். மென்பொருளைக் கழற்றிய அன்று, அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி எல்லாப் படங்களையும் அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவளுக்கு அனுப்பினேன். “சரி சேர், இனி உம்மாட்டச் சொல்லலாம்,” என்று எழுதியிருந்தாள்.